அறுபத்திரண்டாவது வாக்குமூலம்

1962 பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று கடையில் ஒரு அம்மாள் என் கையால் தொப்பி வாங்க மறுத்துவிட்டாள். கணவனின் தலை அளவெல்லாம் சொன்ன பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீதானே அந்தக் குதிரை ஜாக்கியை மாடியிலேர்ந்து தள்ளினவன்?"

"ஆமாம்மா. 1951 நவம்பர், வியாழக்கிழமை, எட்டரை மணிக்கு."

"முழியப் பாத்தாலே தெரியுதே!" போயே விட்டாள்.

ஒன்பது வருடமாகியும் நியூயார்க்கின் இந்தக் குயின்ஸ் பக்கத்தில் நான் கொலைகாரன்தான். டெலிவிஷனில் 'மூன்றாம் மாடி' என்ற துப்பறியும் நாடகம் வாராவாரம் ஓடிய நாட்களில் அறுபத்தொரு பேரைக் கொன்றேன். வாரம் ஒரு புது நடிகனுக்கு வசதியில்லை. எனவே மீசை மாறும், ஆள் நான்தான். நடத்தியது ஒரு சிகரெட் கம்பெனி. துப்பறிகிறவர்கள் ஊதலாம், சாட்சிகள் ஊதலாம், பிணமாகப் போகிறவன்கூட முதல் காட்சியில் ஊதலாம். கொலைகாரன் மட்டும் தொடக்கூடாது. விவரம் தெரிந்த ஜனங்கள் ஐந்தாவது நிமிடத்திலேயே சிகரெட் இல்லாத கையைத் தேடுவார்கள். அது என் கையாக இருக்கும்.

எவ்வளவு நல்ல நாட்கள். அட்டைச் சுவர், அடுப்பு மாதிரி விளக்குகள், உருகி வழியும் மீசை.

பிப்ரவரி 8, வியாழன்

மார்கரி தொலைபேசியில் கூப்பிட்டாள். வெண்டலின் மனைவி. வெண்டல் நாடகத்தில் துப்பறியும் போலீஸ் லெப்டினன்ட். வெளியே என் உயிர் நண்பன் - 1953 ஏப்ரல் வரை. டிசம்பரில் பக்கவாதம் வந்து, இப்போது நியூ ஜெர்சியில் வயதான நடிகர்கள் இல்லத்தில் இருக்கிறானாம்.

"ஹெர்மன், நம்ம கேமராக்கார ஸ்டான் ஒரு பிலிம் கண்டுபிடிச்சிருக்கான். உன் கடைசி வியாழக்கிழமை நாடகத்தை டெலிவிஷன்லேர்ந்து புடிச்சது. பதினெட்டாம் தேதி இங்க ஓட்டறான். வெண்டல் உன்னைக் கேக்கறார்."

"பேச்சே வரலைன்னியே?"

"உன் பேர் வருது. மிச்சத்தை நான் புரிஞ்சுக்கறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என் மனைவி பெர்னிஸ் சமையலறையிலிருந்து, "தொப்பி விக்கறவனுக்கு யோசிக்க என்னய்யா இருக்கு?" என்றாள்.

இருக்கிறது. எல்லாம் நேரடி ஒளிபரப்பு; தப்பு நடந்தால் அப்படியே நாடு பூராவும் போய்விடும். அன்று விசாரணைக் காட்சியில் வெண்டல் வசனம் மறந்து பேந்தப் பேந்த விழித்தான். நான் என்ன செய்தேன்? சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்து அந்த மௌனத்தைப் புகையால் மூடினேன். நண்பனைக் காப்பாற்றினேன். கொலைகாரன் வாயில் கம்பெனி சிகரெட்! மறுநாள் காலையில் என் சீட்டைக் கிழித்தார்கள். எனக்காக வெண்டல் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு மூன்று தடவை தொலைபேசியில் கூப்பிட்டான். மூன்று தடவையும் வைத்துவிட்டேன்.

இந்தக் கதையை நான் சொல்லாத கல்யாண விருந்து கிடையாது. வெண்டல் விழித்த விழியை நடித்தும் காட்டுவேன். அந்த இடத்தில் சிரிப்பு நிச்சயம்.

பிப்ரவரி 9, வெள்ளி

பெர்னிஸ் என் நல்ல கோட்டுக்கு இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறாள்.  நான் போவதாக இன்னும் சொல்லவே இல்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

போனேன்.

சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டியிருந்தார்கள். வெண்டல் சக்கர நாற்காலியில். வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரிக் கிடந்தது. நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன். ரோஷம்.

படம் ஓடியது. கதவைச் சாத்தினால் சுவர் முழுக்க ஆடியது. பிணம் தும்மலை அடக்கியது. என் மீசை ஒரு பக்கம் தொங்கியது. பக்கத்தில் இருந்த பழைய நாடக நடிகை ஒருத்தி, "யாருடி அந்த ஒல்லிப் பையன்? லட்சணமா இருக்கான்" என்றாள். நான் இருட்டில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

விசாரணைக் காட்சி வந்தது. இதோ, இப்போது விழிப்பான் பார் என்று காத்திருந்தேன்.

வெண்டல் விழிக்கவில்லை. கணீரென்று கேட்டான்: "நகைக்கடைக்காரனை ஏன்டா சுட்டே?"

திரையில் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "அவ டீயில நான்தான் விஷம் கலந்தேன், லெப்டினன்ட்."

எவள்? எந்த டீ? ஐயோ - அது முந்தின வாரத்துக் கொலை!

அப்போதுதான் வெண்டல் விழித்தான். இரண்டே விநாடி. நான் ஒன்பது வருடம் நடித்துக் காட்டிய அதே விழி. நான் மேலும் வாயைத் திறக்கப் போக, அவன் தன் பையிலிருந்து சிகரெட் எடுத்து என் வாயில் திணித்தான். அவனே பற்றவைத்தான். "நீ பேசாதே. ஊது. நான் சொல்றேன்." என் வாக்குமூலம் மொத்தத்தையும் அவனே சொல்லி முடித்தான். ஒரு வரி விடவில்லை. என் வசனமும் அவனுக்கு மனப்பாடமாக இருந்திருக்கிறது.

கூடமே சிரித்தது. எனக்கு மட்டும் முடியவில்லை. விளக்கைப் போட்டதும் அவன் இடது கை என் பக்கம் நீண்டது. நாற்காலியை நகர்த்திக்கொண்டு போனேன்.

"ஹெர்... மன். மீசை... தொங்குது."

வாசலில் மார்கரி சொன்னாள்: "மறுநாளே கம்பெனிக்காரங்ககிட்டப் போய், 'சிகரெட்டைக் குடுத்தது நான், என்னை அனுப்புங்க'ன்னார். அவங்க உங்க ரெண்டு பேரையுமே அனுப்பிட்டாங்க. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்?"

சினிமாவில் பணம் பண்ண வெண்டல் கலிபோர்னியா போய்விட்டான் என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்.

பிப்ரவரி 19, திங்கள்

பெர்னிஸிடம் சொன்னேன். மாவு பிசைவதை நிறுத்தவே இல்லை.

"தெரியும். அன்னிக்கு எங்க அம்மா வீட்ல டெலிவிஷன்ல பாத்தேனே."

"நமக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம்! ஏன்டி சொல்லலே?"

"நீ அவ்வளவு நல்லாச் சொன்னே. நீயே நம்பிட்டேன்னு எனக்கென்ன தெரியும்?"

உண்மை எனக்கு எப்போது தெரியாமல் போனது? முதல் கல்யாண விருந்திலா, மூன்றாவதிலா?

மார்ச் 4, ஞாயிறு

இல்லத்துக்கு மறுபடி போனேன். புது நர்ஸ் ஒருத்தி வெண்டலுக்குப் போர்வை சரிசெய்துகொண்டே, "அந்தப் படத்துல என்னமோ ஆச்சாமே, எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க?" என்றாள்.

வெண்டல் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்: "நான்... வசனம்... மறந்துட்டேன். இவன்... காப்பாத்தினான்."

என் கதை. யாரோ ஒரு விருந்தாளி மூலமாக அவன் காதுவரை வந்திருக்கிறது. அதையே, எனக்காக, திக்கித் திக்கிச் சொல்கிறான்.

நான் நாற்காலியை அவன் எதிரே இழுத்துப் போட்டேன், பழைய விசாரணைக் காட்சி மாதிரி. "லெப்டினன்ட், உண்மையைச் சொல்லிடறேன்."

வெண்டல் விழித்தான். இடது கையால் தட்டைத் துழாவி, உப்பு பிஸ்கட் குச்சி ஒன்றை எடுத்து, தடுமாறிக் கொண்டுவந்து என் வாயில் திணித்தான். "பேசாதே."

அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் சொன்னேன். அறுபத்தொரு வாக்குமூலம் சம்பளத்துக்கு. இது ஒன்று சும்மா.

நர்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையான கதை அவ்வளவு வேடிக்கையாக இல்லைதான். வெண்டல் மட்டும் சிரித்தான், பாதி வாயால்.

குச்சியை நிதானமாகத் தின்று முடித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீசை ஒட்டிக்கொண்டு வரவேண்டுமாம், லெப்டினன்ட் உத்தரவு.