கோத்திரம் வேறுதானே, அப்பா

ஆசையும் கோபமும் சேர்ந்தே வரவழைக்கிற என் அப்பாவுக்கு,

இரண்டு நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். உங்களிடம் சொல்லிவிட்டால் கால் நிற்குமோ என்றுதான் எழுதுகிறேன்.

தம்பி மணிக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம். பெண் வேறு யாருமில்லை, உங்கள் தங்கை மகள் உமாதான். அத்தை வீட்டாராகவே விரும்பிக் கேட்டார்கள். "கோத்திரம் வேற, அப்பறம் என்ன யோசனை?" என்றாள் அத்தை. உங்கள் மாமா பெண்ணான அம்மாவை நீங்கள் கட்டிக்கொண்டபோதும் இதையேதானே சொன்னார்கள்?

நான்தான் விடவில்லை. இருவரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கவைத்தேன். மணியின் வெளுத்த தோலும், வெள்ளை முடியும், வெயிலில் கூசும் கண்ணும் எங்கிருந்து வந்தன என்று டாக்டர் விளக்கினார். நிறம் உண்டாக்கும் மரபணுவில் ஒரு சின்ன மாற்றமாம். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் வெளியே தெரியாதாம். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்தால்தான் மணி. கோத்திரத்தை நாம் அப்பா வழியில் மட்டும் பார்க்கிறோம். இது அப்படிப் பார்த்துக்கொண்டு வருவதில்லை. அத்தை இதையும் புகுந்த வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். உமாவிடமும் இருக்கிறது. அவர்களுக்குப் பிறப்பது மணியைப் போலிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

மணி வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று கொடியில் துணி எடுக்கப் போனதால்தான் பிள்ளை இப்படி என்று உங்கள் வீட்டார் அம்மாவை வாய்க்கு வந்தபடி பேசினார்களே, அப்பா. நீங்கள் பேப்பரை மடிக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள். பாதி உங்களுடையது என்று தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருப்பீர்களா? மணிக்குக் குடை பிடித்துத் தினமும் பள்ளிக்கூடம் கொண்டுவிட்டதும் நீங்கள்தான். அதனால் இந்தக் கோபம் முழுசாக வரமாட்டேன் என்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் வழுதனங்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அப்போ நான் துணி எடுக்கப் போனதுனால இல்லை, கேட்டியா" என்றாள். மாலை போட்ட உங்கள் படத்தை நிமிர்ந்து பார்த்து, "இத உங்கப்பாட்ட ஆரு சொல்லுவா?" என்றாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இப்போது அத்தையே கல்யாணத்தை நிறுத்தச் சொல்கிறாள். நானும் மணியிடம், "நன்னா யோசிச்சுக்கோடா" என்றேன். அவன் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்விட்டு அப்போதுதான் உமாவோடு வந்திருந்தான். குடையைச் சாத்திவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"என்னை மாதிரி ஒண்ணு வந்துடப்படாதுன்னுதானே எல்லாரும் பயப்படறேள்? நான் அவ்வளவு மோசமாவா இருக்கேன், அக்கா?"

உமா அவன் பக்கத்திலிருந்து நகரவில்லை. "டாக்டர் சொன்னதெல்லாம் நானும் கேட்டுண்டேன். எனக்குச் சம்மதம்தான்" என்றாள்.

தெரிந்துகொள்ள வேண்டியதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நான் பயந்தது எதைப் பார்த்து? நம் மணியைப் பார்த்தா? முன்பே தெரிந்திருந்தால் நீங்கள் அவனை வேண்டாம் என்றிருப்பீர்களா?

தை மாதம் கல்யாணம். அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அப்பா. மணியைப் போல ஒரு குழந்தை பிறந்தால், வாங்கிக்கொள்ள முதலில் கை நீட்டுவது நான்தான். யாரால் இப்படி என்று எவராவது உமாவைக் கேட்டால், நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்திருப்பேன்.

உங்கள் பெண்,
மணியின் அக்கா