படகு போகாத மாதம்

கடலூர் துறைமுகத்துக்கு இன்று மீன் வாங்கப் போனேன். ஒரு கூடையில் மட்டிச் சிப்பி குவித்திருந்தார்கள். அந்தச் சேற்று வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. அழுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை.

சிதம்பரத்தில் நாம் சேர்ந்து ஆராய்ச்சி செய்த அந்தச் சின்ன மையத்திலும் இதே வாடைதான். பக்கத்துக் கிள்ளைக் கழிமுகத்தில் அள்ளி வந்த மட்டியில் பாதரசம் எவ்வளவு என்று மாதாமாதம் பார்ப்போம். கட்டுரை வெளியான அன்று எல்லோரும் ஸ்வீட் தின்றுகொண்டிருக்க, நீ மட்டும் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"சார், புயலடிச்ச மாசம் படகே போவலியே. இந்த நம்பர்லாம் எங்கேர்ந்து வந்துச்சு?"

நம் வழிகாட்டி சிரித்தார். "மத்த மாசம் மாதிரிதாம்மா இருக்கும். இதப் போயி பெருசு பண்ணாத."

பஸ்ஸுக்கு நிற்கும்போது நானும் கேட்டேன், "ஒரு மாசம்தானேடி?"

"வெள்ளம் எல்லாத்தையும் அடிச்சிக்கிட்டு வர்ற மாசம்டி. பாதரசம் ஏறுனா அப்பத்தான் ஏறும். மட்டி பொறுக்குற அக்கா, 'புள்ளைங்களுக்குக் குடுக்கலாமா?'ன்னு கேட்டாங்க. நம்ம பேப்பர் குடுக்கலாம்னு சொல்லுது. பாக்காமலே சொல்லுது."

ஆய்விதழுக்குப் புகார் எழுதினாய். நானும் கையெழுத்துப் போட்டேன், ஆனால் முதல் பெயர் உன்னுடையது. மையத்தை விட்டு வந்தபின் என்னை வேறொரு இடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். உன்னை எங்கும் சேர்க்கவில்லை. கடலூரில் டியூஷன் எடுத்தாய். வருத்தமா என்று கேட்டால், "ஜாஸ்தி யோசிக்காத, சாப்ட்டியா?" என்பாய். பிறகு காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

போன வாரம் அந்தக் கட்டுரை தவறென்று ஆய்விதழே திரும்பப் பெற்றுவிட்டது. சின்ன அறிவிப்பு. அதில் உன் பெயர் இல்லை. படித்தேன். எழுந்து போய்த் துணி காயப்போட்டேன். அந்த மாதம் மட்டியில் என்ன இருந்ததென்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த அக்காவின் பிள்ளைகள் தின்றிருப்பார்கள்.

இப்போது கிள்ளையில் அதே வேலையை என் மாணவர்களோடு செய்கிறேன். நேற்று ஒருத்தி வந்தாள்.

"மேடம், மழையில போவ முடியல. இந்த மாசத்துக்கு என்ன போடறது?"

"ஒண்ணும் போடாத."

"கட்டம் காலியா இருக்குமே மேடம்?"

"இருக்கட்டும். போவலன்னு கீழ எழுது."

தயங்கித் தயங்கி எழுதினாள். அவள் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். நீயாக இருந்தாலும் நின்றிருப்பாய்.