பச்சை வெல்வெட்டின் வலது கை

மார்ச் 4

இன்று முதல் வெட்டு மேசை எனக்கு. பதினோரு வருடம் அரண்மனைத் தையலறையில் பருத்தி உள்பாவாடைக்கு விளிம்பு மடித்தவள் நான். எங்கள் தலைமைத் தையல்காரரை எல்லாரும் பெரியவர் என்போம். கத்தரிக்கோலைக் கையில் கொடுத்து, "துணியை வீணாக்கினா பழையபடி விளிம்புதான்" என்றார்.

வீட்டில் சொன்னேன். "இனிமே உன்கிட்ட வாயே திறக்கக் கூடாது, கையில கத்தரி வந்துடுச்சு" என்கிறார் இவர். ரொம்பத்தான் கிண்டல்.

மார்ச் 7

துறைமுகத் திறப்புவிழாவுக்கு மகாராணியின் பச்சை வெல்வெட் உடை. கைகள் இரண்டையும் நான்தான் வெட்டினேன். ஒன்றை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் வைத்து வெட்டியதில் ஒரு சாண் துணி மிச்சம்! பெரியவர் மிச்சத்தைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 9

தொலைந்தேன்.

தைத்து முடித்து ஜன்னலோரம் மாட்டினோம். இடது கை மினுங்குகிறது, வலது கை இருண்டு கிடக்கிறது. வெல்வெட்டுக்கு மயிர் உண்டு, ஒரு பக்கம் படிந்தால் பளபளக்கும், எதிர்ப்பக்கம் படிந்தால் மங்கிவிடும். பருத்தியிலேயே பழகிய புத்தி எனக்கு, எப்படி வைத்தாலும் ஒன்றுதான் என்று இதையும் தலைகீழாக வைத்துவிட்டேன். ஏன்டி, தடவிப் பார்க்கக்கூடவா தோணல உனக்கு? மிச்சமிருக்கிற ஒரு சாணில் இன்னொரு கை வராது. விழாவோ நாளைக் காலை.

பெரியவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "காலையில வேற உடை எடுத்துட்டுப் போறேன். நீ விளிம்புக்கே போயிடு" என்றார். அழுகை அழுகையாக வருகிறது. ஐந்தே நாள்தான் அந்த மேசை.

மார்ச் 10

பெரியவர் வேறு உடையோடு போவதற்குள், பணிப்பெண் ஜன்னலோரம் மாட்டியிருந்த பச்சையையே எடுத்துப் போய் மகாராணிக்கு உடுத்தி வண்டியேற்றிவிட்டாள். ஜன்னலில் நின்று பார்த்தோம். நல்ல வெயில். மகாராணி அந்த வலது கையைத்தான் தூக்கித் தூக்கி ஊருக்கெல்லாம் ஆட்டிக்கொண்டு போனார்.

மார்ச் 13

விளிம்பு.

மார்ச் 14

விளிம்பு. யாரும் என்னிடம் பேசவில்லை. நானும்தான்.

மார்ச் 21

அண்ணி வந்திருந்தார். அமைச்சர் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் இப்போது ஒரு கை மினுக்கு, ஒரு கை மங்கலாம். போன வருடம் தொண்டை கட்டியதென்று மகாராணி கழுத்தை மூடிச் சட்டை போட்டார். கோடை முழுக்க ஊரே கழுத்தை மூடிக்கொண்டு வியர்த்து வழிந்தது. அந்த ஊர்தானே இது?

"உங்க தையலறையில வந்த மோஸ்தராமே. எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடேன்" என்றார் அண்ணி. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் காபி போடப் போய்விட்டேன்.

மார்ச் 28

மகாராணி பெரியவரைக் கூப்பிட்டனுப்பினார், கையை வெட்டியவளையும்.

"இது யாரோட யோசனை?" என்று கேட்டார். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தன்னுடையது என்று அவர் சொல்லியிருக்கலாம், நானும் என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் வரவில்லை. "யோசனை இல்லீங்க மகாராணி. தப்பா வெட்டிட்டேன்."

"தெரியும்" என்றார். "வண்டியில ஏறி உக்காந்தப்புறம்தான் பாத்தேன். இறங்கி மாத்த நேரமில்ல." பிறகு சிரித்துவிட்டார். "வெளியில சொல்லிடாதீங்க. பாவம், எல்லாரும் தைச்சுட்டாங்க. அடுத்த உடையும் அப்படியே இருக்கட்டும்."

திரும்பும் வழியில் பெரியவர் சொன்னது ஒன்றுதான். "நாளைக்கு மேசைக்கு வந்துடு."

ஏப்ரல் 2

அண்ணிக்கு அளவு எடுத்தேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

மே 6

மகாராணிக்கு நீல வெல்வெட். இந்தத் தடவை கைகளைத் தானே வெட்டுவதாகச் சொல்லிவிட்டார் பெரியவர். மதியம் வெயிலில் மாட்டிப் பார்த்தோம். இரண்டு கைகளும் ஒரே நிறம்.

பெரியவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருஷப் பழக்கம். ரெண்டையும் சரியா வெட்டித் தொலைச்சுட்டேனே" என்றார்.

நல்லவேளை, துணி இருந்தது. வலது கையைப் பிரித்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றைத் தலைகீழாக வைத்து வெட்டினேன். வெட்டி முடிக்கும்வரை பெரியவர் எதிரே நின்று துணி நகராமல் பிடித்துக்கொண்டிருந்தார்.