ஜமீனுக்குக் கிருத்திகை விரதம் கிடையாது

திருத்தணி,
ஆவணி, 2004

சௌபாக்கியவதி பார்கவிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். முருகன் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். மூன்றாவது ஆள் உன் பூனை ஜமீன்தான், அதை முதல் வரியிலேயே எழுதாவிட்டால் மீதியை நீ படிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா, மஸ்கட்டில் வெயில் கொஞ்சமாவது தணிந்ததா என்று எழுது. இங்கே ஒரு விஷயம் நடந்தது, போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், போன் கார்டுதான் தீரும், அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

பங்குனியில் ஜமீனுக்குச் சர்க்கரை வியாதி என்று மாட்டு டாக்டர் குருநாதன் சொன்னதும் பூனைக்குக்கூடவா வரும் என்று உன் அப்பா சிரித்தார். ஏன் வராது, மலைமேல் மடப்பள்ளியில் சமைக்கிறவர் வீட்டில் வளர்ந்தவன், நெய் ஒழுகச் சர்க்கரைப் பொங்கலும் தயிர்சாதமும் தின்று தின்று உருண்டவன்தானே. தயிர்சாதமே வேணாம்மா, மீனு, கோழி, முட்டை இதான் அதுக்கு ஒத்துக்கும் என்றார் டாக்டர். உன் அப்பாவுக்கு முகமே சுருங்கிவிட்டது. ஆத்து வாசப்படி தாண்டி முட்டை வரப்படாது என்று ஒரே பிடிவாதம். நல்ல வேளை, பின்பக்கத்துச் சுவருக்கு அந்தாண்ட ஜெயம்மாள் இருக்கிறாள். எங்க ஊட்ல தெனம் கவுச்சிதான மாமி, அதுக்கு ரெண்டு துண்டு வச்சா இன்னா கொறஞ்சிபூடும் என்று அவளே ஏற்றுக்கொண்டாள். உப்பு, மசாலா இல்லாமல் அவித்து முள் எடுத்து வைப்பாள். காலையிலும் சாயங்காலமும் இவன் சுவர் ஏறிப் போய்த் தின்றுவிட்டு மீசையை நக்கிக்கொண்டு வருவான், நான் பிடரியில் இன்சுலின் ஊசி போடுவேன். நீ அனுப்பிய மிஷினில் காது ஓரம் லேசாகக் குத்திச் சர்க்கரை பார்த்து டாக்டரிடம் சொல்வேன். மருந்தை நானாகக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

ஆடிக் கிருத்திகை அன்று ஊர் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவெல்லாம் காவடி, அப்பா முந்தின நாளே மலை ஏறிவிட்டார், நான் விரதம். ஜமீன் சுவர் தாண்டிப் போனான், மீசையை நக்கிக்கொண்டே வந்தான், நானும் ஊசியைப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் துவைக்கிற கல்லண்டை கால் பின்னி விழுந்தான். தலை ஒரு பக்கம் சாய்கிறது, கண் எங்கேயோ நிற்கிறது. ஐயோ ஜெயம்மா என்று கத்தினேன். அவள் மஞ்சள் புடவையோடு ஓடி வந்து, இன்னா மாமி, ஆடிக் கிருத்திகையாச்சே, அடுப்புல கவுச்சி ஏத்தலியே, நீங்க தயிர்சாதம் போட்டிருப்பீங்கன்னு இருந்துகினேன் என்றாள். வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்த பிள்ளைக்கு ஊசி போட்டிருக்கிறேன், பார்கவி.

டாக்டருக்குப் போன் போட்டேன். தேன் இருந்தா ஈறுல தடவுங்க, வாய்க்குள்ள ஊத்தாதீங்க, பொறை ஏறிடும், தடவிட்டு உடனே தூக்கியாங்க என்றார். சுவாமி அபிஷேகத்துக்கு எடுத்து வைத்திருந்த தேனைத்தான் விரலில் தொட்டுத் தடவினேன். தெருவில் ஆட்டோ நுழையவில்லை. ஜெயம்மாள் அவனை முந்தானையில் சுற்றிக்கொண்டு, வழி வுடுங்கப்பா, உயிரு போவுது என்று காவடிகளுக்கு நடுவில் புகுந்தாள். ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது அவள் கையில் இருந்தபடியே ஜமீன் என் விரலை நக்கினான். அங்கேயே நான் உட்கார்ந்து அழுதுவிட்டேன். முதல்ல சாப்பாடு, அது உங்க கண்ணு முன்னால சாப்பிடணும், அப்புறம்தான் ஊசி, சாப்பிடலன்னா ஊசியைத் தொடாம எனக்குப் போன் பண்ணுங்க என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மறுநாள் இறங்கி வந்த அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கை கழுவிவிட்டு வந்து ஜமீன் பக்கத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

இப்போது சர்க்கரை நம்பர் நன்றாக இறங்கியிருக்கிறது, இப்படியே போனால் மருந்தைக் குறைக்கலாம் என்கிறார் டாக்டர். மறுபடி மதில்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அதிகாரம் பண்ணுகிறான்.

நேற்று ஆவணிக் கிருத்திகை. ஆடியிலிருந்து ஜெயம்மாள் மாதக் கிருத்திகைக்கும் அடுப்பில் கவுச்சி ஏற்றுவதில்லை. விடியலில் கொல்லையில் புகை வருகிறதே என்று போய்ப் பார்த்தேன். உன் அப்பா மூன்று செங்கல் கூட்டி, பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்து ஒரு முட்டையைப் போட்டுவிட்டுக் குந்தியிருக்கிறார். அண்டா அண்டாவாகச் சுவாமிக்குப் பொங்கல் இறக்குகிற மனுஷர், சுவர்ப்பக்கம் திரும்பி, ஏம்மா ஜெயம்மா, இது வெந்துடுத்துன்னு எப்படித் தெரியும் என்று கேட்கிறார். ஜெயம்மாள் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். தானே உரித்து, தானே பிட்டு வைத்தார். ஜமீன் கடைசித் துணுக்கு வரை தின்றதைப் பார்த்த பிறகுதான், ஸ்வர்ணா, இப்போ ஊசி போடு என்றார். அப்புறம் தலை முழுகிவிட்டு மலைக்குக் கிளம்பினார்.

இதை உனக்கு எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், அதனால் போனில் ஒன்றும் தெரியாதவள் மாதிரிப் பேசு. வரும்போது பேரீச்சம்பழம் கொண்டு வா, ஜமீன் கண்ணில் மட்டும் காட்டாதே. ஜெயம்மாளுக்கு நல்லதாக ஒரு புடவை எடுக்க மறக்காதே. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடு, விரதம் கிரதம் என்று வயிற்றைக் காயப் போடாதே. தணிகை முருகன் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும் அம்மா
ஸ்வர்ணா