மூன்று பெட்டிகளில் வந்த வண்டி

நவம்பர் 18, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. ஈரச் சுடிதாரோடு ஆபீஸுக்குத் தூத்துக்குடி பஸ். வாகைக்குளம் வரை நின்றுகொண்டே.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் போனில் ஒரு ஸ்டேட்டஸ். திசையன்விளை அண்ணாச்சி எங்கள் வாடிக்கையாளர்; அவர் மகன் போட்ட வீடியோ. வள்ளியூரில் ஏதோ கோயில் வாசல். சிறிய லாரியில் மூன்று மரப்பெட்டிகள். மூன்றுக்கும் மாலை, சந்தனம், குங்குமம்.

பூசாரி: “எலுமிச்சம்பழத்த எங்கன வைக்க? சக்கரத்தையே காணுமே.”

அண்ணாச்சி: “உள்ள இருக்கு சாமி. மூணு பெட்டியும் சேந்தாத்தான் வண்டி. பைய ஒவ்வொண்ணுக்கும் ஒரு பழம் வைங்க.”

சுற்றிலும் சிரிப்பு. நானும் சிரித்தேன். பிறகு டிபன் பாக்ஸை மூடினேன்.

அந்தப் பெட்டிகள் அக்கா வீட்டுக்காரரான அத்தானின் சுங்க ஏஜென்சி வழியாக, அதாவது நான் வேலை பார்க்கும் இந்த ஆபீஸ் வழியாக வந்தவை. கம்ப்யூட்டரில் பார்த்தேன். மூன்று ஆட்கள் பெயரில் மூன்று சரக்கு. ‘உதிரிபாகங்கள்’. மூன்றிலும் என் கையெழுத்து. அந்த வாரம் முழுக்க நான் காய்ச்சலில் வீட்டில்.

நவம்பர் 19, புதன்

தூறல். தலைவலி.

பஸ்ஸில் அந்த வெளிநாட்டு பைக்கைப் பற்றியே நினைப்பு. வெளிநாட்டில் ஒரு பள்ளி ஆசிரியர் சில வருடம் சேர்த்துவைத்து வாங்கிவிடுவார். அதே வண்டி இங்கே வந்தால் ஒரு வீட்டின் விலை. நடுவில் இருப்பது கடல் மட்டும் இல்லை. சுங்க வரி, அதன் மேல் இன்னொரு வரி, எல்லாவற்றின் மேலும் ஜி.எஸ்.டி., கடைசியில் சாலை வரி. முழு வண்டியாக வந்தால்தான் இவ்வளவு அதிகம். துண்டு துண்டாக, வேறு வேறு பெயரில் வந்தால் சொற்பம். அதனால் துண்டாக்கியிருக்கிறார்கள்.

சட்டம் இதை முன்பே யோசித்திருக்கிறது. பிரித்துக் கொண்டுவந்தாலும் முழுப் பொருளின் தன்மை இருந்தால் அது முழுப் பொருள்தான். சுங்க வேலைக்கான பரீட்சைக்குப் படித்தபோது அழகான விதி என்று தோன்றியது. அண்ணாச்சி அதைக் கோயில் வாசலில் நின்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அத்தானிடம் என் கையெழுத்தைப் பற்றிக் கேட்டேன். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“நாந்தான் போட்டேன். நீ காய்ச்சல்ல கெடந்தே. உன்ன எழுப்பவா முடியும்?”

“வீடியோ, அத்தான்.”

“அழிக்கச் சொல்லியாச்சு. கூறுகெட்ட மனுசன். பெட்டிய வீட்டுக்குக் கொண்டு போவும்னா கோயிலுக்குக் கொண்டு போயிருக்காரு. பூச போடாம வண்டி வீட்டுக்குள்ள வரக்கூடாதாம்.”

என் டிஜிட்டல் கையெழுத்து பென்டிரைவ் போல ஒரு சின்னச் சாமான். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து ஆபீஸ் பிள்ளையார் படத்தின் முன் வைத்தது. அதன் பிறகு அங்கேயே அதற்கு இடம். பாஸ்வேர்டு அத்தானுக்குத் தெரியும். அக்கா வீட்டுக்காரரிடம் எப்படி மறைப்பது? இன்று எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அத்தான் பார்த்தார்.

நவம்பர் 20, வியாழன்

வாங்க வேண்டியது: அக்காவின் பாப்பாவுக்கு நாப்கின், அம்மாவுக்குக் கால்வலித் தைலம், குடை.

எதுவும் வாங்கவில்லை. வண்ணார்பேட்டையில் இறங்கி நடந்தபோது பின்னால் ஒரு பைக் மெதுவாக வந்தது. ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்றேன். வழி கேட்க வந்தவர்.

படித்துக்கொண்டிருந்த நாவலைக் கடைசிப் பக்கங்களிலிருந்து புரட்டினேன், யார் தப்பிக்கிறார்கள் என்று பார்க்க. இப்படி நான் செய்ததே இல்லை.

நவம்பர் 22, சனி

வந்துவிட்டது. சுங்கத்துறை சம்மன். ஈமெயிலில், என் பெயருக்கு. திங்கள் காலை நேரில் வர வேண்டும். அத்தான் பெயர் அதில் எங்கேயும் இல்லை.

வீடியோவை அண்ணாச்சி மகன் அழிப்பதற்குள் யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். ஊரெல்லாம் ஓடுகிறதாம். பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பையன்கள்: “எலுமிச்சம்பழம் வீடியோ பாத்தியாலே?” முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஆற்றில் செம்மண் நிறத்தில் தண்ணீர், நிறைய.



நவம்பர் 23, ஞாயிறு

அக்கா, அத்தான், பாப்பா வந்தார்கள். அம்மா தேங்காய்ப்பால் சொதி வைத்திருந்தாள், மறுவீட்டு விருந்து மாதிரி. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். தெரியவில்லை.

அத்தான் சாப்பிட்டுக்கொண்டே: “உதிரிபாகம்னு நெனச்சு நாந்தான் போட்டேன்னு சொல்லிரு. பொம்பளப்பிள்ளய வெரட்ட மாட்டாவ. வரி, அபராதம் எல்லாம் அண்ணாச்சி கெட்டிருவாரு.”

“என் வேலை, அத்தான்? இனி எவன் என்னைச் சேப்பான்?”

“வேலையா? நான் எதுக்கு இருக்கேன்?”

“உள்ள வச்சிட்டாங்கன்னா?”

“அதெல்லாம் செய்ய மாட்டாவ. எனக்கு ஒண்ணுன்னா லைசென்ஸ் போச்சு, ஆபீஸ் போச்சு. உங்க அக்காளும் பிள்ளையும் எங்கன போவாவ?”

அம்மா: “மாப்ள, இன்னுங் கொஞ்சம் சொதி ஊத்தவா?”

பாத்திரம் கழுவும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். “ஏட்டி, நான் ஒண்ணுமே சொல்லல. உனக்கு என்ன தோணுதோ செய்யி.” சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அத்தான் பேசியதை விட இதுதான் பயமாக இருந்தது.

நவம்பர் 24, திங்கள்

பஸ் வீட்டுக்குத் திரும்புகிறது. குலுக்கலில் எழுத்து கோணல்.

சுங்க அலுவலகம். மாடியில் சின்ன அறை. விசாரித்தவர் ஒரு அம்மா, வயது ஐம்பது இருக்கும், காதில் சின்னத் தோடு. தண்ணீர் கொடுத்தார். வாக்குமூலத்தை என் கைப்பட எழுத வேண்டும் என்றார். இங்கே எழுதுவது கோர்ட்டுக்கும் போகும். எனக்கு அது தெரியும்.

“கையெழுத்து உன்னுதுதானம்மா?”

“என்னுதுதான்.”

“போட்டதும் நீதானா?”

அத்தான் சொல்லிக்கொடுத்த வாக்கியம் நாக்கு வரை வந்தது. உதிரிபாகம் என்று நினைத்து நான்தான். சின்ன வாக்கியம். சொன்னால் எல்லாரும் அடுத்த ஞாயிறும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். என்னால் அந்த ‘நான்’ என்பதைச் சொல்ல முடியவில்லை. துணிச்சல் எல்லாம் இல்லை. பயத்தில் வெளியே வந்தது உண்மையாக இருந்தது, அவ்வளவுதான்.

“நான் போடல மேடம். காய்ச்சல்ல இருந்தேன்.”

“அப்போ யாரு?”

சொன்னேன். எழுதினேன்.

“அவரு இப்போ எங்க இருப்பாரு?”

“ஆபீஸ்ல.”

நான் படியிறங்குவதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

முறப்பநாடு தாண்டும்போது போன். அக்கா. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. எடுத்தேன்.

பாப்பா அழும் சத்தம், யாரோ கதவைத் தட்டும் சத்தம். “அக்கா” என்றேன். மூச்சு மட்டும் கேட்டது. அவளும் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பாலம் வந்து, போய்விட்டது. போன் இன்னும் மடியில், வைக்காமல்.