முப்பத்திரண்டு தாள்களில் சிவப்பு மை

மேனாம்பேடு, அம்பத்தூர்
18 நவம்பர் 2024, திங்கட்கிழமை

அன்புள்ள சௌம்யாவுக்கு அத்தையின் ஆசிகள்.

முதலில் ஒரு தவறைத் திருத்திவிடுகிறேன். உன் புத்தகங்களை நான் தெருவில் வீசி எறிந்து உன்னைத் துரத்திவிட்டேன் என்று எதிர்வீட்டு நாகவல்லி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். திருமழிசையில் உன் அண்ணன் வீடு வரைக்கும் அது வந்து சேர்ந்திருக்கும். நான் எந்தப் புத்தகத்தையும் எறியவில்லை. உன் பையைப் பிடித்து இழுத்தேன். ஜிப் போடாமல் இருந்தது. தெருவில் விழுந்தவை முப்பத்திரண்டு தாள்களும் இரண்டு சினிமா டிக்கெட்டுகளும். உன் புத்தகங்கள் அலமாரியில் நீ வைத்த வரிசையிலேயே இருக்கின்றன. நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நான் செய்ததைச் சின்னதாக்க அல்ல.

நீ உன் போனை எடுப்பதில்லை. உன் அண்ணி ரேணுகாவின் எண்ணுக்கு நான்கு நாள் கூப்பிட்டேன். நான்கு நாளும் நீ குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். சாயங்காலம் ஏழு மணிக்கு நீ குளித்து இந்தப் பதிமூன்று வருஷத்தில் நான் பார்த்ததில்லை. அவளைக் குறை சொல்லவில்லை, நீ சொல்லச் சொன்னதைச் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் கடிதம்.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. போன வாரம் தண்ணீர் கேட் படிவரை வந்து திரும்பிப் போயிற்று. பின்னறையின் மூலையில் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். சர்க்கரை மாத்திரையை வேளைக்குப் போடுகிறேன். காலையில் எது, இரவில் எது என்று டப்பாக்களின் மேல் நீ ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது.

இது நான் உயிரோடு இருக்கிறேன் என்று பென்ஷனுக்குச் சான்று கொடுக்கிற மாதம். வருஷா வருஷம் நீ லீவு போட்டு அழைத்துப் போவாய். இந்தத் தடவை ஷேர் ஆட்டோவில் தனியாகப் போனேன். கைரேகைக் கருவி என் கட்டைவிரலை ஏற்கவே இல்லை. ஒரு மாதமாகப் பாத்திரம் தேய்த்ததில் ரேகை மழுங்கிவிட்டது போலிருக்கிறது. அங்கிருந்த பெண், கூட வர வீட்டில் யாருமே இல்லையா பாட்டி என்று கேட்டாள். மருமகள் இருக்கிறாள், வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். ஐந்தாவது முறை வைத்தபோது நான் உயிரோடு இருப்பதை அது ஒப்புக்கொண்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கம்பெனியில் நீ வேலை பழக்கிய பெண்களே, பட்டம் இருக்கிறது என்பதால் உனக்கு சூப்பர்வைசராக வந்து நின்றார்கள். கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட படிப்பை முப்பத்தாறு வயதில் தபால் வழியாகவும் ஞாயிறு காலை வகுப்பிலுமாகத் தொடரப் போகிறேன் என்று என்னிடம் வந்து சொன்னாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கையெழுத்தை மட்டும் சீராக வைத்துக்கொள் என்றேன். நாலரை மணிக்கு எழுந்து இரண்டு வேளைச் சமையல், ஆறரைக்குக் கம்பெனி வேன், மாலையில் வந்ததும் எனக்குக் காபி, பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து பாடம். மேசை இருக்கத் தரை எதற்கு என்று கேட்டேன். மேசையில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் அத்தை, தரைதான் சில்லென்று இருக்கிறது என்றாய். முதுகு கூன் விழும் என்று சொல்லிவிட்டு நான் படுக்கப் போனேன்.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, கையால் எழுதிய பயிற்சித் தாள்களை என் முன்னால் வைத்தாய். நாளைக்கு வகுப்பில் கொடுக்க வேண்டும், ஒரு தடவை படித்துப் பாருங்கள் அத்தை, தப்பு இருந்தால் சொல்லுங்கள் என்றாய். சொல்லுங்கள் என்றுதான் சொன்னாய். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் அக்னெஸ் அப்படித்தான் திருத்துவார். ஒரு காற்புள்ளியைக்கூட விடமாட்டார். நானும் விடவில்லை. முப்பத்திரண்டு தாள்களிலும் ஓரத்தில் குறிப்பு எழுதினேன். கடைசித் தாளில் நூற்றுக்கு நாற்பத்தொன்று போட்டு, கவனம் போதாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அன்று எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. மறுநாள் காலையில் நீ அதைப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தாய். திருத்தியதற்கு நன்றிகூடச் சொல்லாமல் போகிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மதியம் நாகவல்லி வந்தாள். அவள் சொன்னது, இன்னா கோமளாம்மா, உம் மருமவ படிக்கப் போயிக்கீதுன்னு நீ சொல்லிகினு கீற, அது ஆவடில சினிமா கொட்டாய்ல டிக்கெட் வாங்கிகினு கீது, அதுவும் ரெண்டு டிக்கெட்டு என்று.

இரண்டு என்ற சொல்தான் என் காதில் நின்றது. என் பிள்ளை பூபாலன் போய் மூன்று வருஷம்தான் ஆகிறது. அவன் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை மேட்னியை நீங்கள் இருவரும் தவறவிட்டதில்லை. இரவுச் சாப்பாட்டில் அவன் எனக்குக் கதை சொல்லுவான், வில்லன் சாவதை நீ முன்கூட்டியே சொல்லிக் கெடுப்பாய், அவன் அப்பளத்தை எடுத்து உன் மேல் எறிவான். அவனுக்குப் பிறகு இந்த வீட்டில் சினிமா என்ற பேச்சே கூடாது என்று நான் சொன்னதில்லை. ஆனால் நீயும் பேசவில்லை. அதைத்தான் நான் நல்ல மருமகளுக்கு அடையாளம் என்று வைத்திருந்தேன்.

ஐந்தரைக்கு நீ வந்தாய். கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்றபடி, வகுப்பு இவ்வளவு நேரமா என்று கேட்டேன். ஆமாம் அத்தை என்றாய். கேட்டைத் திறந்து வெளியே வந்து பையை இழுத்தேன். தாள்கள் மழைத் தண்ணீரில் விழுந்தன. டிக்கெட்டுகளைக் குனிந்து எடுத்தவள் நான்தான். இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன். நாகவல்லி அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள், மாடி வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

நீ உள்ளே போனாய். ஒரு பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, அண்ணன் வீட்டுக்குப் போகிறேன், மாத்திரை மேல் தட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாய். போகாதே என்று நான் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய ஞாயிறு அந்தத் தியேட்டருக்குப் போனேன். நாற்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. என்ன கண்டுபிடிக்கப் போனேன் என்று கேட்காதே, அதை எழுதினால் எனக்கே பிடிக்காது. அங்கே அய்யாசாமி என்று ஒருவர் டார்ச் அடித்து இடம் காட்டுகிறார். பூபாலனும் நீயும் நிற்கிற போட்டோவைக் காட்டி, இந்தப் பெண் இங்கே யாரோடு வருகிறாள் என்று கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன். அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதுகிறேன். ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

இந்தப் பாப்பாவா? யாரோட வரும், தனியாத்தான் வரும். முன்ன அண்ணாத்தே கூட வரும், அவரு பூட்டாரு பாவம். இது படம் பாக்க எங்க வருது ஆயா, தூங்கல்ல வருது! ஓரத்து ரெண்டு சீட்டு எடுக்கும். ஒண்ணுல குந்தும், பக்கத்துல எவனும் வந்து குந்திடக் கூடாதுன்னு இன்னொண்ணுல பைய வெக்கும். டைட்டில் போடறதுக்குள்ள தல சாஞ்சிடும். இன்டர்வல்ல கூட நான் எழுப்ப மாட்டேன். படம் வுட்டு லைட்டு போட்டாத்தான், எந்திரி பாப்பா ஊட்டுக்குப் போன்னு சொல்லுவேன். ஒரு தபா மட்டும் தூங்கல. சிரிப்புப் படம் அது, கொட்டாயே உளுந்து உளுந்து சிரிக்குது. இது மடில காயிதத்த வெச்சிகினு அளுதுகினு கீது. நான் டார்ச்ச அந்தப் பக்கமே அடிக்கல ஆயா.

அன்று ஓரத்து இரண்டு இடங்களுக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் என் பையை வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. என்ன படம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் வகுப்பு, அதற்கு நடுவே என் காபி. உனக்குத் தூங்குவதற்கு என்று என் வீட்டில் ஒரு மூன்று மணி நேரம் இல்லாமல் போயிருக்கிறது. பகலில் படுத்தால் நான் ஏதாவது சொல்லுவேன் என்று உனக்குத் தெரியும். சொல்லியிருப்பேன்.

நேற்று உன் வகுப்பு நடக்கிற பள்ளிக்கூடத்துக்கும் போனேன். ஒருங்கிணைப்பாளர் இருதயராஜ் மரியாதையான மனிதர். சிவப்பு மையில் எழுத மதிப்பிடுகிறவருக்கு மட்டும்தான் உரிமை, மாணவர் தாளில் அது இருந்தால் நாங்கள் வாங்கக் கூடாது அம்மா, என்றார். உன்னை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் புதிதாக எழுதிவரச் சொன்னாராம். நீ அன்றும் போகவில்லை, அதற்குப் பிறகு வகுப்புக்கும் போகவில்லை. யாரோ விவரம் தெரியாதவர் தாளைப் பாழாக்கிவிட்டார் என்று அவர் வருத்தப்பட்டார். எதிரே நின்ற நான், அந்த விவரம் தெரியாதவள் நான்தான் என்றேன். யார் செய்தது என்று அவர் கேட்டதற்கு நீ என் பெயரைச் சொல்லவில்லையாம்.

பயிற்சித் தாள் கொடுக்காதவர்களைத் தேர்வில் உட்கார விடமாட்டார்கள். கடைசித் தேதியை நவம்பர் முப்பது வரை நீட்டியிருக்கிறார்கள். தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். காரணத்தை நானே எழுதி நேற்றே அவரிடம் கொடுத்துவிட்டேன். தாள்களை நீதான் எழுத வேண்டும், நீலம் அல்லது கறுப்பு மையில். தெருவில் விழுந்தவற்றை அன்றே பொறுக்கி, மின்விசிறியின் கீழ் காயவைத்து, இஸ்திரி போட்டிருக்கிறேன். இத்துடன் வருகின்றன. உன் எழுத்து சில இடங்களில் கரைந்திருக்கிறது. என் சிவப்பு கரையவில்லை, அழிக்கப் பார்த்தேன், தாள் கிழிகிறது. இன்னொன்று. என் திருத்தங்களை அகராதி வைத்து மறுபடி பார்த்தேன். ஒன்பது இடங்களில் நீ எழுதியதே சரி. அவற்றைப் பென்சிலால் சுழித்திருக்கிறேன். அந்த நாற்பத்தொன்றை அடித்துவிட்டேன். வேறு மதிப்பெண் போடவில்லை. போடுவதற்கு நான் யாரும் இல்லை.

நாகவல்லியை அதே கேட்டில் கூப்பிட்டு, அந்த இரண்டாவது டிக்கெட் காலி இருக்கைக்கு, நான் கேட்டது தவறு என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, காலி சீட்டுக்குப் போயி எவனாச்சும் துட்டு குடுப்பானா, போ ஆயா, மருமவள உட்டுக் குடுக்க மாட்ட நீ என்றாள். நான் அன்று பேசியதைத் தெருக்காரர்கள் உடனே நம்பினார்கள், திருப்பிச் சொல்வதை நம்பவில்லை. இதை உனக்கு மறைத்துப் பயனில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. உன் மாமனாரிடமும் சொன்னதில்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியபோது, இந்தப் பெண்ணைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்று கேட்டு எங்கள் மதர் சுப்பீரியர் என் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். அப்பா பதில் எழுதவில்லை. ஜூன் மாதம் முழுக்க, இன்று எழுதுவார், நாளை எழுதுவார் என்று மைக்கூட்டை நிரப்பி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் அந்தக் கடிதம் மடித்து மடித்து, ஆடுகிற பீரோவின் காலுக்கு அடியில் வைக்கப்பட்டிருந்தது. ஆவணியில் கல்யாணம். உன் தாள்களைத் திருத்தும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை.

திருமழிசையிலிருந்து பூந்தமல்லி வந்து பஸ் மாறி எஸ்டேட்டில் உன் கம்பெனிக்குப் போவதற்கு உனக்கு எத்தனை மணிக்கு எழ வேண்டியிருக்கிறது என்று தினமும் நாலரைக்கு விழித்துக்கொள்ளும்போது யோசிக்கிறேன். அங்கே ஹாலில்தான் படுக்கிறாய் என்று நினைக்கிறேன். உன் அறையைப் பூட்டவில்லை. பகலில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை, சத்தமும் இல்லை. நீ இங்கே வருவதும் வராததும் வேறு, தாள்களை எழுதுவது வேறு. ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுவிடாதே. எழுதி முடித்தால் இருதயராஜிடம் நீயே கொடுக்கலாம். எனக்கு அனுப்பினால் பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

மன்னிப்புக் கேட்கும் கடிதம் எப்படி எழுத வேண்டும் என்று பிறருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான் எழுதியதில்லை. இதுதான் முதல். பிழைகள் இருக்கும்.

நன்றாகப் படி. நன்றாகத் தூங்கு. கடவுள் உன்னோடு இருப்பார்.

விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்று வைத்திருக்கிறேன். அண்ணியிடம் சொல்லி அனுப்ப வேண்டாம், போனும் வேண்டாம். எழுதுகிறேன் என்றோ, எழுத மாட்டேன் என்றோ, உன் கையால் ஒரு வரி எழுதிப் போடு. எந்த மையாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
உன் அத்தை
கோமளா லட்சுமணன்