தடவக் கூடாது என்ற சட்டம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நேற்று இரண்டு முறை உங்களுக்குப் போன் போட்டேன். இரண்டு முறையும் உங்கள் மாப்பிள்ளை போனைப் பிடுங்கி, "ஒண்ணுமில்ல மச்சான், உங்க தங்கச்சிக்கு உங்க குரல் கேக்கணுமாம்" என்று சிரித்து வைத்துவிட்டார். அதனால் பார்சல் வேன் டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை உங்களுக்குக் கிடைத்துவிடும்.

போன ஞாயிறு கிரிக்கெட் அரையிறுதி, மேட்டு ஊர்க்காரர்களோடு, அவர்கள் மைதானத்தில். அவர்கள் பக்கத்து ஆட்டமே வேறு, உங்களுக்குத் தெரியும். மண்ணில் கயிற்றுப் பாய் விரித்து ஆடுவார்கள். மரத்தில் பட்டால் நான்கு ரன் என்பார்கள். நம்மூரில் மரமும் ஒரு ஃபீல்டர், பட்டு விழுவதற்குள் பிடித்தால் அவுட். இதைப் பேசித் தீர்க்கவே அரைமணி நேரம் போனது. ஒருவருக்கு அடிபட்டால் ஆட்டத்தை நிறுத்தி, பிளாஸ்டிக் நாற்காலியும் ஈரத் துண்டுமாக மொத்த டீமும் ஓடி வருகிறது. சம்பந்தி வீட்டு உபசாரம் தோற்றது என்று நம் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஸ்பின்னர் போடும் பந்துக்கு ஹெல்மெட் எதற்கு என்று உங்கள் மாப்பிள்ளை கழற்றி வைத்துவிட்டு ஆடினார். பாயில் குத்திய பந்து விருட்டென்று எழும்பி இடது காதுக்குப் பின்னால் பட்டது. சத்தம் நான் ஸ்கோர் எழுதும் மேஜைவரை கேட்டது. நாற்காலி வந்தது. இவர் அதைத் தள்ளிவிட்டு, அடிபட்ட இடத்துக்குக் கையைக்கூடக் கொண்டுபோகாமல் நின்று இன்னும் பதினொரு ரன் அடித்தார். நம் ஆட்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அண்ணா. அந்தப் பந்துக்கு ரன் இல்லை என்று நோட்டில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்ததை எழுதப் போய்விட்டேன்.

நீங்கள் கேப்டனாக இருந்தபோது போட்ட சட்டம் இன்னும் இருக்கிறது. அடிபட்ட இடத்தைத் தடவக் கூடாது, தடவினவன் அடுத்த மேட்சுக்குப் பன்னிரண்டாவது ஆள். விளையாட்டாகத்தான் சொன்னீர்கள். நீங்கள் ஊரை விட்டுப் போய் ஒன்பது வருடமாகியும் இவர்கள் அதை வேதமாக வைத்திருக்கிறார்கள். வருகிற ஞாயிறு இறுதி ஆட்டம். நாற்பத்து மூன்று வயதில் இவர் முதன்முதலாக ஆடப்போகும் இறுதி ஆட்டம்.

திங்கட்கிழமை இரண்டு தடவை வாந்தி. மேட்டு ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அதே சாப்பாட்டைத்தான் நானும் சாப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை கடையில் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டி வைத்திருந்தார். இருபது வருடத் தையல்காரர்! காஜா போடும் அக்கா எடுத்துக் காட்டியபோது சிரித்துச் சமாளித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று மூன்று தடவை ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்து, முடியாமல் என்னிடம் நீட்டினார். வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறதாம், கடை ஷட்டரைப் பாதிக்கு இறக்கியே வைத்திருக்கிறார்.

பயம் தாங்காமல் தெருமுனை டாக்டரிடம் நான் மட்டும் போய்ச் சொன்னேன். தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம், இன்றே கூட்டி வந்து ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். இவரிடம் கெஞ்சினேன், கத்தினேன், சாப்பாடு போடமாட்டேன் என்றேன். டாக்டரிடம் போனால் விஷயம் கிளப்புக்குத் தெரிந்து தன்னை உட்கார வைத்துவிடுவார்களாம். உங்கள் பெயரைச் சொல்லி, மச்சான் முகத்தில் எப்படி முழிப்பேன் என்கிறார். நான் கட்டிய மனிதர், என் பேச்சைக் கேட்கவில்லை. நீங்கள் நேரில் நின்றால் கேட்பார். இப்போதைய கேப்டனிடம் நானே போய்ச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இவரை ஆஸ்பத்திரி வாசல் ஏற்ற உங்களால்தான் முடியும்.

இதை எழுத உட்காரும் முன் தண்ணீர் கொடுக்கக் கடைக்குள் போனேன். இவர் அளவு பார்க்கும் கண்ணாடி முன்னால் கண்ணை மூடி நின்று, காதுக்குப் பின்னால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று கையை இறக்கிக்கொண்டு, "மச்சான்கிட்ட சொல்லிடாதே" என்றார்.

சொல்லிவிட்டேன், அண்ணா. கடிதம் கிடைத்ததும் கிளம்பி வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உங்கள் தங்கை